பழைய மதராஸ் ரோட்டில் இரண்டு நாள்

புத்தகம் படிக்கிற தம்பதி ஒன்று சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குப் பெங்களூர் போவதென்றால் வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள், பழைய புத்தகக் கடையில் நாலு மணி நேரம் செலவழியுங்கள், காபி குடியுங்கள், படம் எடுத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள் என்பார்கள். தவறான யோசனை அல்ல. ஆனால் எம்.ஜி. ரோடு பக்கம் ஓர் இரவுக்கு அறை எடுத்தாலே கையில் உள்ள பணத்தில் பாதி கரைந்துவிடும். மீதிப் பணத்தில் வாங்குகிற ஆங்கில நாவல் சென்னையிலும் கிடைக்கும், கோவையிலும் கிடைக்கும். ஊரையும் பார்த்தபாடில்லை, அந்த ஊரின் இலக்கியத்தையும் தொட்டபாடில்லை.

செலவைக் குறைத்து இலக்கியத்தைக் கூட்டிக்கொள்ள இன்னொரு வழி உண்டு. அது எம்.ஜி. ரோட்டுக்குக் கிழக்கே, அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் இருக்கும் மர்பி டவுனில் தொடங்குகிறது.

சுற்றுலாக் கையேடுகளில் மர்பி டவுன் வராது. பார்ப்பதற்கென்று மாளிகையோ பூங்காவோ அங்கே இல்லை. சின்ன வீடுகள், நெருக்கமான தெருக்கள், காலையில் கலகலக்கும் மார்க்கெட், அவ்வளவுதான். பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கண்டோன்மென்ட் காலத்தில் எளிய மக்களுக்காகத் திட்டமிட்டு உருவான இந்தக் குடியிருப்புக்கு அந்நாளைய பொறியாளர் ஒருவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே ஓடுகிறது பழைய மதராஸ் ரோடு. இந்தப் பகுதியின் சரித்திரத்தைச் சொல்ல அந்தச் சாலையின் பெயரே போதும்.

1809-ல் பிரிட்டிஷார் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது அல்சூரை ஒட்டித்தான் கண்டோன்மென்ட்டை அமைத்தார்கள். சிப்பாய்களின் பின்னால் தமிழர்கள் வந்தார்கள். கொத்தனார்கள், சமையல்காரர்கள், துணி வெளுப்பவர்கள், சரக்கு கொண்டுவந்து இறக்கிய வியாபாரிகள், பெரிய காண்டிராக்டர்கள் என்று எல்லாத் தரத்திலும் வந்தார்கள். 1947-ல் மைசூர் அரசிடம் திரும்பும் வரை இந்தப் பகுதி பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே இருந்தது. அதாவது, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த கன்னடப் பேட்டைக்கும் இந்தத் தமிழ்ப் பகுதிக்கும் அரசாங்கமே வேறு. இன்றைக்கும் மர்பி டவுன் கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றினால் தமிழ் காதில் விழும். கன்னடமும் உருதும் தெலுங்கும் உரசி உரசி வழுவழுப்பான தமிழ் அது. இலக்கியத் தம்பதிக்கு முதல் பாடம் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

ரயில் விஷயத்தில் ஒரு சிக்கனம். சென்னையிலிருந்து வருபவர்கள் பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் வரை போகாமல் கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்கிவிடலாம். அங்கே மெட்ரோ ரயில் இருக்கிறது. ஊதா நிற வழித்தடத்தில் சில ஸ்டேஷன்கள் கடந்தால் இந்திராநகர், அதற்கு அடுத்தது ஹலசூரு. எங்கே இறங்கினாலும் மர்பி டவுன் பக்கம்தான். ஆட்டோக்காரரிடம் விடியற்காலையில் பேரம் பேசும் தொல்லை மிச்சம். அல்சூர்ப் பக்கத்து எளிய லாட்ஜுகளில் அறை எடுத்தால், எம்.ஜி. ரோட்டு வாடகையில் மிச்சமாகும் பணத்திலேயே புத்தகச் செலவு அடங்கிவிடும். கட்டிலும் சுத்தமான குளியலறையும் இருந்தால் சரி. பகலெல்லாம் வெளியே சுற்றப் போகிறவர்களுக்கு அறையில் என்ன வேலை?

சனிக்கிழமை காலை மர்பி ரோட்டிலிருந்து கென்சிங்டன் ரோடு வழியாக அல்சூர் ஏரிக்கு நடந்துவிடலாம். ஏரியைப் பார்த்தபடி வெள்ளைக் குவிமாடங்களோடு குருத்வாரா நிற்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் ராணுவ முகாம். இந்திய ராணுவத்தில் இந்தப் படையினருக்குச் செல்லப் பெயர் ‘தம்பி’. ஏரியைச் சுற்றி வந்தால் அண்ணாசாமி முதலியார் ரோடு. அங்கே இருக்கும் ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிலையங்கள், ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற காண்டிராக்டர் 1873-ல் தொடங்கிய இலவசப் பள்ளியிலிருந்து வளர்ந்தவை. கப்பன் பூங்காவில் சிவப்பாக நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டியவரும் அவரே.

ஏரிக்கரையில் திருவள்ளுவர் இருக்கிறார். பயணத்தில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். அழகுக்காக அல்ல. கன்னியாகுமரியின் 133 அடிச் சிலையைப் பார்த்தவர்களுக்கு இது சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் வேறெந்த வள்ளுவர் சிலையும் இத்தனை ஆண்டுகள் முகம் மூடிக் காத்திருந்ததில்லை.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991-ல் சிலை இங்கே நிறுவப்பட்டது. கன்னட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. திறப்பு விழா நின்றது. விவகாரம் நீதிமன்றம் போனது. அதே ஆண்டு டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி பெங்களூரில் தமிழர்கள் மீது வன்முறை பாய்ந்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். அதற்குப் பிறகு சிலையைத் திறக்கும் பேச்சை எடுக்க எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை. அன்பைப் பற்றியும் இனிய சொல்லைப் பற்றியும் தனித்தனி அதிகாரமே எழுதியவர் போர்த்திய துணிக்குள் 18 ஆண்டுகள் இருந்தார். அவர் மூடப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு, அவர் திறக்கப்பட்டபோது ஓட்டுப் போடும் வயது.

2009 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. கொடுக்கல் வாங்கல் கணக்கு என்று கேலி பேசியவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு பொருத்தம் இருந்தது. வள்ளுவர் இரண்டடிக்காரர். சர்வக்ஞர் ‘திரிபதி’ என்ற மூன்றடிப் பாட்டுக்காரர். இருவருமே வீட்டுத் திண்ணை வரை போனவர்கள், படிக்காதவர்கள் வாயிலும் புழங்குபவர்கள். அயனாவரத்தில் அந்தச் சிலையைக் கடந்து போகிற சென்னைக்காரர்களில் எத்தனை பேருக்கு சர்வக்ஞரின் ஒரு பாட்டாவது தெரியும் என்பது வேறு விஷயம். சென்னையிலிருந்து வரும் தம்பதி கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறே அயனாவரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும்போது அர்த்தம் இரட்டிப்பாகும். பஸ் டிக்கெட் செலவு மட்டும்தான்.

தமிழ்ச் சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. 1950-ல் தொடங்கிய சங்கம். நூலகமும் அரங்கும் உள்ள கட்டடம். சனி, ஞாயிறுகளில் ஏதாவது கூட்டம் நடந்தால் நுழைந்து உட்காரலாம். வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களுக்கே உரிய நீண்ட வரவேற்புரைகளுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். டிசம்பரில் வர முடிந்தால் நல்லது. 2022 டிசம்பர் கடைசியில் பெங்களூரின் முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது. டிசம்பரில்தான் பெங்களூர் இலக்கிய விழாவும் நடக்கிறது. 2012-ல் தொடங்கிய அந்த விழாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நன்கொடையில் நடக்கும் விழா. சிக்கனத் தம்பதிக்கு இதைவிட மலிவான இரண்டு நாள் எங்கும் அமையாது. கூட்டம்தான் தாங்க வேண்டும்.

நவீனத் தமிழ் இலக்கியத்திலும் பெங்களூருக்குப் பங்கு உண்டு. ‘படிகள்’ என்ற சிற்றிதழ் இங்கிருந்துதான் வந்தது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த தமிழவன் அமைப்பியல் பற்றி எழுதிய நூல் 1982-ல் வெளியாகி, தமிழ் விமர்சகர்களை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துச் சண்டை போடவைத்தது. சென்னையிலும் மதுரையிலும் நடந்திருக்க வேண்டிய சண்டை பெங்களூரிலிருந்து கிளம்பியது தற்செயல் என்று சொல்ல முடியாது. கன்னடத்தில் அப்போது நவ்யம், தலித் எழுத்து, பண்டாயம் என்று அலை அலையாக வந்து மோதிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுச் சத்தம் இங்கேயும் கேட்டிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்ச் ஸ்ட்ரீட். ஹலசூருவில் மெட்ரோ ஏறினால் டிரினிட்டி, அதற்கடுத்து எம்.ஜி. ரோடு. கட்டணம் சில்லறைக் காசு. பிளாசம் புக் ஹவுஸ் 2001-ல் தொடங்கியது. நடைபாதையில் பழைய புத்தகம் விற்ற மாயி கவுடா என்ற எஞ்சினியரிங் பட்டதாரியின் கடை. கொஞ்ச தூரத்தில் புக்வோர்ம். பிரிகேட் ரோட்டு சந்தில் ஒதுங்கியிருக்கும் செலக்ட் புக்‌ஷாப் 1945-லிருந்து அரிய பழைய புத்தகங்கள் விற்றுவரும் கடை. இல்லாமல் போன கடை ஒன்றும் உண்டு. டி.எஸ். ஷான்பாக் 1971-ல் தொடங்கிய பிரீமியர் புக்‌ஷாப். கூரை வரை அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்துதான் கடை. எந்தப் புத்தகம் எந்த அடுக்கின் அடியில் என்பது ஷான்பாக்குக்கு மட்டுமே தெரியும். 2009-ல் கடை மூடியது. 2021-ல் அவரும் போய்விட்டார். நகரத்தின் பழைய வாசகர்கள் இன்னும் அந்தக் கடையைப் பற்றிப் பேசும்போது குரல் தழைகிறது.

சர்ச் ஸ்ட்ரீட்டில் மாட்டிக்கொண்டால் பட்ஜெட் அவ்வளவுதான். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று முதலிலேயே பிரித்து, ஒருவர் பணத்தை மற்றவர் வைத்துக்கொள்வது நல்ல உத்தி. ஒரு புத்தகத்துக்காகக் கெஞ்ச வேண்டியிருந்தால் அது தேவையான புத்தகமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும். மாலையில் கால் வலிக்காமலிருந்தால் கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் மத்திய நூலகத்தை வெளியிலிருந்தாவது பார்க்கலாம். 1915-ல் கட்டி முடித்த இந்தச் செந்நிறக் கட்டடம், மைசூர் திவானாக இருந்த பாலக்காட்டுத் தமிழர் சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபம்.

ஞாயிற்றுக்கிழமை பசவனகுடிக்கு. மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால் காந்தி பஜார் நடந்து போகும் தூரம். சீக்கிரம் போக வேண்டும். 1943-லிருந்து இயங்கும் வித்யார்த்தி பவன் வாசலில் ஞாயிறு காலைக் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். காத்திருப்பது தோசைக்காக மட்டுமல்ல. உள்ளே சுவரெங்கும் கன்னட எழுத்தாளர்களின் சித்திரங்கள் மாட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டு ஓட்டல் சுவர்களில் சாமி படம் பார்க்கலாம், முதலாளியின் தகப்பனார் படம் பார்க்கலாம், நடிகர் வந்து சாப்பிட்டுப் போன படம் பார்க்கலாம். புதுமைப்பித்தனையோ மௌனியையோ பார்த்துக்கொண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டதாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அந்தச் சுவரில் இருக்கும் கன்னடப் பெரியவர்களின் வரிசையில் முன்னால் நிற்க வேண்டியவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். கன்னடச் சிறுகதையின் தந்தை. 1983-க்கான ஞானபீடப் பரிசு பெற்றவர். பசவனகுடிதான் அவருடைய பேட்டை. ‘ஸ்ரீனிவாச’ என்ற புனைபெயரில் எழுதிய இந்த மனிதருக்கு வீட்டு மொழி தமிழ். சொந்த மொழியை வீட்டில் வைத்துவிட்டு, ஊர் மொழியில் எழுதி, அந்த மொழியின் ‘ஆஸ்தி’ என்று பெயர் வாங்கினார். மாஸ்தி கன்னடத்தின் ஆஸ்தி என்பது கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளையும் சொல்லும் வாசகம். அவர் ஒருவர் மட்டும் அல்ல. கன்னடத்துக்கு ஞானபீடம் வாங்கித் தந்த எட்டுப் பேரில் தா.ரா. பேந்த்ரேயின் வீட்டு மொழி மராத்தி, கிரீஷ் கார்னாடின் வீட்டு மொழி கொங்கணி. ஏரிக்கரையில் வள்ளுவருக்குத் துணி போர்த்திய அதே நகரம்தான் தமிழ் பேசிய மாஸ்தியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இரண்டையும் பார்க்காமல் பெங்களூரைப் புரிந்துகொள்ள வழியில்லை. முதல் நாளோடு திரும்பிப் போகிற தமிழர் பாதிக் கதையைத்தான் எடுத்துப் போகிறார்.

மாஸ்தி வாழ்ந்த வீடு பக்கத்திலுள்ள கவிபுரத்தில் நினைவகமாக இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போவது உத்தமம். கவிபுரம் என்ற பெயரைத் தமிழில் படித்துக் கவிஞர்களின் பேட்டை என்று மயங்க வேண்டாம். கன்னடத்தில் ‘கவி’ என்று முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் குகை. அங்கிருக்கும் கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலால் வந்த பெயர். ஒரே எழுத்தால் நான்கு ஒலிகளைச் சமாளிக்கும் தமிழ் எழுத்தின் உபயம்.

காந்தி பஜாரை ஒட்டி ஓடும் டி.வி.ஜி. ரோடு, டி.வி. குண்டப்பாவின் பெயர் தாங்கியது. அவருடைய ‘மங்குதிம்மன கக்க’ 1943-ல் வெளிவந்தது. நாலு நாலு அடியாக வாழ்க்கையைப் பேசும் நூல். கன்னட வீடுகளில் அதற்குள்ள இடத்தைத் தமிழருக்குச் சொல்ல வேண்டுமானால், குறள் என்று சொன்னால் போதும். பி.பி. வாடியா ரோட்டில் 1945-ல் தொடங்கிய உலகப் பண்பாட்டுக் கழகத்தில் நூலகம் உண்டு. சொற்பொழிவோ கச்சேரியோ நடந்தால் கட்டணமில்லாமல் கேட்கலாம். காந்தி பஜாரிலேயே அங்கித புஸ்தக என்ற கன்னடப் புத்தகக் கடை. மொழி தெரியாவிட்டாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பசவனகுடியில் நிற்கும்போது யாராவது ஒருவர் மால்குடி கதையை எடுப்பார். மல்லேஸ்வரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டி ஆர்.கே. நாராயண் மால்குடியை உண்டாக்கினார் என்பது பெங்களூர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காத கதை. நாராயண் அப்படிச் சொல்லவில்லை. 1930 செப்டம்பரில், பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனோடு அந்த ஊர் மனதில் வந்தது என்றுதான் எழுதியிருக்கிறார். அது நடந்தது பெங்களூரில் என்பது உண்மை. ஊர்ப் பெருமைக்கு அது போதாதா என்ன!

மால்குடி கதைகளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த ஷங்கர் நாக் 1990-ல் விபத்தில் இறந்தார். அவர் நினைவாக அருந்ததி நாக் முயன்று கட்டிய ரங்கசங்கரா நாடக அரங்கு 2004-லிருந்து ஜே.பி. நகரில் இயங்குகிறது. திங்கள் தவிர மற்ற நாட்களில் நாடகம் இருக்கும். அதே பச்சை வழித்தடத்தில் தெற்கே போய் ஆட்டோ பிடிக்கலாம். சினிமா டிக்கெட் அளவுக்குத்தான் செலவு. ஆனால் மணி அடித்த பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பெங்களூர் டிராஃபிக்கைக் காரணம் காட்டிப் பிரயோஜனமில்லை. ஞாயிறு பிற்பகல் காட்சி அமைந்தால் இரவு ரயிலுக்கு நிதானமாகத் திரும்பலாம். கன்னட நாடகமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தமிழ்க் காதுக்குக் கால் மணி நேரத்தில் பாதி புரிந்துவிடும், மீதியை நடிகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்லீப்பர் வகுப்பு ரயில், ஓர் இரவு அறை, மெட்ரோ, டிபன், நாடகம், ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஆறாயிரம் ரூபாயை எல்லையாக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். டிசம்பரில் அறை வாடகை ஏறும். அதற்கேற்ப சர்ச் ஸ்ட்ரீட்டில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு, அது பெங்களூரில் அல்ல. கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்த புத்தகங்களில் ஒன்றிரண்டைத் தமிழ்நாட்டிலேயே வாங்கிப் படித்துவிட வேண்டும். சர்ச் ஸ்ட்ரீட்டின் ஆங்கிலக் கடைகளை நம்பி வந்தால் ஏமாற்றம்தான். தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டு பெங்களூரில் வாழ்ந்த பாவண்ணன் தமிழாக்கிய எஸ்.எல். பைரப்பாவின் ‘பருவம்’ 2005-ல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது. மகாபாரதத்தைச் சாமிகள் இல்லாமல், மனிதர்களாகவே சொல்லும் கனத்த நாவல். இரண்டு நாள் பயணத்துக்கு அது அதிகம் என்றால், அவரே மொழிபெயர்த்த ‘ஊரும் சேரியும்’ இருக்கிறது. 2021-ல் மறைந்த தலித் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு. சிறியது, சிரிக்கவைப்பது, சிரித்து முடித்ததும் உறுத்துவது. பெங்களூரின் ஸ்ரீராமபுரம் சேரியில் அவர் வளர்ந்த நாட்களைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் ஸ்ரீராம்புரா என்ற ஸ்டேஷன் பெயர் வெறும் பெயராகத் தெரியாது.

விட்டுப்போனவை நிறைய. மல்லேஸ்வரம் பக்கமே போகவில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தபடி தமிழ் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதைகள் எழுதித் தள்ளிய சுஜாதாவின் ஜாலஹள்ளி ஊருக்கு மறுகோடியில் இருக்கிறது. அதற்கு இன்னொரு சனிக்கிழமை வேண்டும்.